தண்ணீர் பிரிகிற ஊர்

தஞ்சாவூரில் காலை ஐந்தரைக்கெல்லாம் டீக்கடை பெஞ்சு நிறைந்துவிடுகிறது. பேப்பர் வந்ததும் முதலில் தேடப்படுவது மேட்டூர் நிலவரம் போட்டிருக்கிற மூலை. நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எவ்வளவு, திறப்பு எவ்வளவு என்று ஒருவர் உரக்க வாசிக்கிறார். மற்றவர்கள் டீயை ஆற்றிக்கொண்டே கேட்கிறார்கள். வாசித்து முடிந்ததும் கணக்கு தொடங்குகிறது. இன்றைக்கு அங்கே கூட்டினால் முக்கொம்புக்கு எப்போது வரும், கல்லணையில் வெண்ணாற்றுக்கு எவ்வளவு பிரிப்பார்கள், ஒரத்தநாட்டுப் பக்கம் புது ஆற்றில் எவ்வளவு போகிறது என்று பேச்சு அரை மணி நேரம் ஓடும். அதற்கப்புறம்தான் அரசியல், கல்யாணம், கடன்.

நான் கோயில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரன். எங்களுடையது வானம் பார்த்த பூமி. மேகம் திரண்டால் பேசுவோம், பெய்தால் விதைப்போம். தண்ணீர் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு, எந்த ஊரைக் கடந்தது என்று தகவல் கொடுத்துக்கொண்டே வருவது எனக்குப் புதிது. ஆடி மாதத்தில் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் மாடி அறை பிடித்துத் தங்கியிருந்த நாட்களில் தஞ்சாவூரைப் பற்றி நான் தெரிந்துகொண்டதில் பாதிக்கு மேல் அந்த பெஞ்சில் கிடைத்தது.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்று முதல் நாளே ஒரு பெரியவர் கேட்டார். சொன்னேன்.

"அங்க எந்த ஆத்துப் பாசனம்?"

"ஆறெல்லாம் இல்லைங்கய்யா. மழைதான்."

கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேட்டூர் என்றால் 120 அடி, 93.47 டி.எம்.சி. என்று பாடம் தொடங்கினார். ஜூன் 12 இவர்களுக்குக் குறுவைக்கான திறப்பு நாள், ஜனவரி 28 மூடும் நாள். திறப்பு அந்தத் தேதிக்கே நடப்பது எல்லா வருஷமும் வாய்ப்பதில்லை. 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆகிவிட்டது. அந்த வருஷம் போர்வெல் வைத்திருந்தவர்கள்தான் தைரியமாகக் குறுவை போட்டார்கள் என்றார். உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழகத்தின் பங்கை 177.25 டி.எம்.சி. ஆக்கியது அவருக்கு மனப்பாடம். நடுவர் மன்றம் முன்பு கொடுத்திருந்த 192-இலிருந்து 14.75 போனதை, வீட்டு நிலத்தில் ஒரு துண்டு போனதுபோல் வருத்தத்தோடு சொன்னார். தசமப் புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணைக்கூட விடாமல் ஆற்றை நினைவில் வைத்திருக்கும் மனிதர்களை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

நான் தங்கிய வீட்டில் நடுவே முற்றம். கீழே குடியிருக்கும் அம்மா தன் பிள்ளைகளிடம் மராத்தியில் பேசுவார், என்னிடம் நல்ல தஞ்சாவூர்த் தமிழ். 1676 முதல் 1855 வரை இங்கே மராத்தியர் ஆட்சி. அரண்மனையும் சரஸ்வதி மகாலும் பார்க்க வருகிறவர்கள் அதைச் சரித்திரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். மேல வீதியில் அது இன்னும் சமையலறைப் பேச்சாக இருக்கிறது. அந்த அம்மா அரிசியைக் கையில் அள்ளி, மோந்து பார்த்து, புதுசா பழசா என்று சொல்லிவிடுவார். இட்லிக்கு சி.ஆர். 1009 தவிர வேறு வாங்க மாட்டார். "ஊரே நெல்லா வெளையுது, நாங்க கடையில அரிசி வாங்குறோம் தம்பி" என்று ஒருநாள் சொன்னார். திருவாரூர் ரோட்டுப் பக்கம் அவர்களுக்கு இருந்த நாலு மா நிலம் அவர் மாமனார் காலத்திலேயே விற்றுப் போனது. இங்கே நிலத்தை ஏக்கரில் சொல்லத் தெரிந்தவர்களும் மாவில்தான் பேசுகிறார்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி.

ரயிலடியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தால் நடுவில் ஒரு பாலம், அதன் அடியில் கரை தளும்பிய தண்ணீர். புது ஆறு. அரசாங்கக் காகிதத்தில் கல்லணைக் கால்வாய். மேட்டூர் அணை முடிந்த 1934-ஐ ஒட்டி வெட்டியது, தொண்ணூறு வருஷம் ஆகியும் புதுசு என்ற பேர் போகவில்லை. பெரிய கோயிலின் மதிலை ஒட்டிய பக்கமாக அது போகிறது. மாலையில் அந்தக் கரையில் நடப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பையன்கள் பாலத்துக் கைப்பிடிச் சுவரிலிருந்து குதிக்கிறார்கள். துணி துவைக்கிற அக்காமார்கள் அவர்களைத் திட்டிக்கொண்டே சிரிக்கிறார்கள். நகரத்துக்கு நடுவில் இப்படி ஒரு தெளிந்த ஓட்டம் இருக்க, அதே கரையில் குப்பையும் பிளாஸ்டிக்கும் சரிந்து கிடக்கின்றன. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதித்தது. எங்கள் ஊரில் ஊருணித் தண்ணீரில் காலை வைக்கவே விட மாட்டார்கள். இல்லாத இடத்தில் இருக்கிற மரியாதை, இருக்கிற இடத்திலும் இருக்கலாம்.

திருவையாற்றுக்கு டவுன் பஸ்ஸில் போவதுதான் இந்த ஊரைப் புரிந்துகொள்ள ஆகச் சிறந்த வழி என்று எனக்குத் தோன்றுகிறது. அரை மணி நேரப் பயணம். கரந்தையில் வடவாறு. பள்ளியக்கிரகாரத்தில் வெண்ணாறு. அப்புறம் வெட்டாறு, குடமுருட்டி, கடைசியாகக் காவிரி. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து ஐந்து பாலங்களையும் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாமே ஒரே காவிரி, ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம். வெண்ணாற்றில் கலங்கல், குடமுருட்டியில் வேகம், காவிரியில் நிதானம். நடுநடுவே குறுவை தொண்டைக்கதிரில் நிற்கிறது, சில இடங்களில் சம்பா நாற்றங்காலுக்குச் சேறு அடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஆற்றங்கரை நெடுக வாழை. திருவையாற்றில் அசோகா வாங்கிச் சாப்பிட்டேன். பாசிப்பருப்பில் கிண்டியது, இலையில் வைத்ததும் நெய் ஓரமாக இறங்கியது. தியாகராஜர் சமாதிப் பக்கம் அன்று ஒருவரும் இல்லை. தை மாதத்து ஆராதனைக் கூட்டத்தை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றமாக இருக்கும். காற்றுக்காகப் போகலாம்.

இவ்வளவு ஆறுகள் எப்படிப் பிரிகின்றன என்பதைப் பார்த்தே தீர வேண்டும் என்று முதலில் கல்லணைக்குப் போனேன். காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று நான்காக அங்கே தண்ணீர் பிரிகிறது. முதல் மூன்றும் வயலுக்கு, மிஞ்சிய வெள்ளம் கொள்ளிடத்துக்கு. கரிகாலன் பேரைச் சொல்லும் அந்தக் கல் அணை மணலுக்கு அடியில் கால் பதித்து நிற்பதைக் கண்டு, 1830-களில் இங்கே வேலை பார்த்த ஆர்தர் காட்டன் வியந்து போனார். அவர் மணல்போக்கிகள் அமைத்தார், மேலே முக்கொம்பில் 1836-இல் புது அணை கட்டினார். கல்லணையில் சுற்றுலாக் கூட்டம் அதிகம். மீன் வறுவல் கடைகள், பலூன், செல்ஃபி. எனக்கு அங்கே கிடைக்காதது தென்பெரம்பூரில் கிடைத்தது.

தஞ்சாவூருக்குப் பக்கத்தில்தான் தென்பெரம்பூர். வெண்ணாறும் வெட்டாறும் பிரிகிற இடம், வடவாறும் அங்கிருந்து தலை எடுக்கிறது. கூட்டம் இல்லை, கடை இல்லை. ஷட்டர்களுக்கு மேலே ஒரு நடைபாலம், கீழே இரைச்சல். அங்கே லஸ்கர் ஒருவர் இருந்தார். ஆற்றுக் கதவுகளைப் பார்த்துக்கொள்ளும் நீர்வளத் துறைப் பணியாளரை டெல்டாவில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அளவுகோல் பலகையைக் காட்டி, எந்த இடத்தில் தண்ணீர் தொட வேண்டும் என்று விளக்கினார். எவ்வளவு தூக்குவது என்று மேலிருந்து தகவல் வரும், இவர் திருகிக் கொடுப்பார்.

"கூடவும் விடக் கூடாதுங்க, கொறையவும் விடக் கூடாது. நான் இங்க ஒரு திருகு கூடத் திருகினா அது மன்னார்குடிப் பக்கம் எவனோ ஒருத்தன் வயல்ல தெரியும்" என்றார். ராத்திரி மழை பிடித்தால் எழுந்து வந்து பலகையைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பப் படுப்பாராம். அவர் கைகளைப் பார்த்தேன். காய்ப்பு ஏறி இருந்தன. கர்நாடக எல்லையில் பிலிகுண்டுலுவில் அளந்து, டெல்லியில் வழக்காடி வாங்கும் தண்ணீர் கடைசியில் இந்த மாதிரி ஒரு கையால்தான் பங்கு பிரிகிறது. ஆறு தானாக ஓடுகிறது என்று இருந்த என் எண்ணத்தை அந்த நடைபாலம் மாற்றிவிட்டது. டெல்டாவில் ஒவ்வொரு ஆறும் யாரோ திறந்துவிட்டு ஓடுகிறது.

இதற்கப்புறம் பெரிய கோயிலை நான் பார்த்த விதமே வேறாகிவிட்டது. 1010-இல் முடிந்த அந்த விமானத்தின் உயரத்தைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. கழுத்து வலிக்க மேலே பார்க்கிற கூட்டம், இடுப்பு உயரத்தில் அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடுகிறது. அந்த எழுத்துகளில் ஒரு பெரிய பகுதி நெல்லுக்கான கணக்கு. கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர், ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, வருஷத்துக்கு நூறு கலம் நெல். எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, அவள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்பது வரை கல்லில் இருக்கிறது. நட்டுவர், கணக்கர், குடை பிடிப்பவர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் என்று ஒவ்வொருவருக்கும் இத்தனை பங்கு. அளக்க ஆடவல்லான் என்ற பெயரில் ஒரு மரக்கால். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அவற்றை வாங்கிக்கொண்டவர் நாள்தோறும் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். நெல் அனுப்ப வேண்டிய ஊர்களின் பட்டியல் ஈழம் வரை போகிறது.

விமானத்தைவிட இந்தக் கணக்கு எனக்குப் பெரிய சாதனையாகப் படுகிறது. நாவிதரின் பங்கைக் கல்லில் வெட்டி வைத்த அரசு சாதாரண அரசு அல்ல. ஆனால் அதே கல்வெட்டுகளில் இன்னொன்றும் இருக்கிறது. நெல் தரும் ஊர்களைச் சொல்லும்போது, எந்தெந்த நிலம் வரியில்லாத இறையிலி என்று கழித்துச் சொல்கிறார்கள். ஊர்நத்தம், குளம், ஊரூடே போகும் வாய்க்கால். அப்புறம் பறைச்சேரி, தனியாக. சுடுகாடும் தனித்தனி. நானூறு பெண்களின் பெயரைப் பொறித்த கல்லில், சேற்றில் இறங்கி அந்த நூறு நூறு கலத்தையும் விளைவித்தவர்களுக்கு ஊருக்கு வெளியே ஓர் எல்லை மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது. மாலை வெயிலில் கல் பொன்னாக மாறும் நேரத்தில் குடும்பம் குடும்பமாகப் புல்தரையில் வந்து உட்கார்கிறார்கள், பிள்ளைகள் ஓடுகின்றன, பிரதோஷத்தன்று நந்தியைச் சுற்றி நிற்க இடம் இருக்காது. அந்த அழகை நான் முழுசாக அனுபவித்தேன். அந்த வரிகளையும் மறக்க முடியவில்லை.

கும்பகோணம் தாண்டி ஆடுதுறைக்குப் போனது ஒரு நெல்லுக்காக. அங்கே 1922-இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1950-களில் நாடெங்கும் 'ஜப்பான் முறை' நடவைப் பரப்பினார்கள். மேட்டுப்பாத்தியில் நாற்று விட்டு, கயிறு பிடித்து வரிசையாக நடுவது. டீக்கடைப் பெரியவருக்கு அது நினைவிருந்தது. அவருடைய அப்பா, கயிறு பிடித்து நட்டால் கூடுதல் ஆள் பிடிக்கிறதென்று முணுமுணுத்தாராம். அப்புறம் விதை, உரம், கடன் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் 'பேக்கேஜ்' திட்டத்துக்குத் தஞ்சாவூர் மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் ஆடுதுறை 27 வந்தது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் இங்குள்ள ஜி.இ.பி. 24-ஐயும் கலந்த ரகம். குறுகிய காலத்தில் விளைந்ததால் குறுவை முடித்துத் தாளடியும் போட இடம் கிடைத்தது. இரண்டு போகத்துக்குத் தஞ்சாவூர் துணிந்ததில் தூரத்துத் தீவு ஒன்றின் நெல்லுக்கும் பங்கு உண்டு. இன்று வயலில் ஓடும் நடவு மெஷினும் அறுவடை வண்டியும் பல இடங்களில் குபோட்டா, யன்மார்தான். மன்னார்குடிப் பக்கம் தேவங்குடியில் பிறந்த தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போய்வந்து 'உதயசூரியன்' எழுதினார், எழுத்தாளர் சிட்டியோடு சேர்ந்து காவிரிக் கரையைச் சுற்றி 'நடந்தாய் வாழி காவேரி'யும் எழுதினார். இரண்டு நெல் நாடுகளையும் பார்த்த கண்கள். அந்த இரண்டு புத்தகங்களையும் பையில் வைத்திருந்தேன்.

ஒரு நாள் அம்மாப்பேட்டைப் பக்கம் முன்பட்ட சம்பா நடவு பார்க்க இறங்கினேன். குனிந்து நட்டுக்கொண்டிருந்தவர்கள் இளைஞர்கள், பேச்சு வங்காளம். ஏக்கருக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு குழுவாக நடுகிறார்கள். வரப்பில் நாற்றுக்கட்டு எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த உள்ளூர் அம்மா ஒருவரிடம், "நீங்க நடலியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்க ஆளுங்க இருக்காங்கய்யா. பேருக்குக் கூப்பிடுவாங்க. பையனுங்க சீக்கிரம் நட்டுடுறானுங்க, இல்லாட்டி மிஷினு. எங்களுக்கு இந்தக் களை எடுக்குறதுல மிச்சம் மீதி, அப்புறம் நூறு நாள் வேலை." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் புள்ளைங்களும் பாவம், எங்கேருந்தோ வந்து வரப்புல சோறு திங்குதுங்க" என்றார்.

தன் வேலை போன இடத்தில் நிற்கிறவன் மேல் அவருக்குக் கோபம் இல்லை. வயல்காரர்களுக்கும் இதில் வில்லன் வேஷம் பொருந்தாது. தண்ணீர் வருகிற நாளுக்குள் நட்டாக வேண்டும், ஆள் கிடைக்காத கஷ்டம் நிஜம். ஆனாலும் நடவுப் பாட்டோடு ஒரு ஊரின் பெண்கள் முழுக்க வயலில் இறங்கிய காலத்துக்கு இனி திரும்ப வழி இல்லை. அந்த இடத்தில் அவர்களுக்கு வேறு என்ன கொடுக்கப் போகிறோம் என்று கேட்கிறவர்களையும் நான் அதிகம் பார்க்கவில்லை.

ஆடிப்பெருக்கன்று திருவையாற்றுப் புஷ்ய மண்டபத் துறையில் விடியற்காலையிலேயே நிற்க இடமில்லை. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு. புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் மாலையை ஆற்றில் விட்டார்கள். சின்னப் பிள்ளைகள் சப்பரம் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் ஓடினார்கள். முன்பின் தெரியாத ஒரு பாட்டி என் கையிலும் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் கொடுத்தார். ஆறு வாசலுக்கு வந்த சந்தோஷம் அவ்வளவு வெளிப்படையாக இருந்தது.

மறுநாள் அந்தத் தண்ணீர் போகிற திசையிலேயே கிழக்கே போனேன். திருவாரூரைத் தாண்டிக் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டுப் போராடியதைத் தொடர்ந்து, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்ட ஊர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். அப்போது இது தஞ்சாவூர் மாவட்டம். நினைவிடத்தில் பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பெரிய கோயிலில் பெயர்களைப் படித்ததைவிட இங்கே அதிக நேரம் ஆனது. தஞ்சாவூருக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு கற்களையும் படிக்க வேண்டும் என்பேன். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுப் போனால் பாதி ஊரைத்தான் பார்த்ததாகும்.

அங்கிருந்து தலைஞாயிறு. கடைமடை. வாய்க்கால்களில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது, அடியில் கொஞ்சம் ஈரம். மேலே ஐந்து பாலங்களுக்கும் அடியில் நான் பார்த்த தண்ணீர் இங்கே வந்து சேரவில்லை. பஸ்ஸுக்காக நின்ற இடத்தில் ஒரு விவசாயி பேச்சுக் கொடுத்தார். ஆறு மா நிலம். நாற்றங்கால் விடாமல் புழுதியிலேயே நெல்லைத் தெளித்துவிட்டாராம்.

"தண்ணி வந்தா சரி. வரலேன்னா மழை. எங்களுக்கு எப்பவும் ரெண்டையும் பாத்துத்தான் அண்ணே" என்றார்.

புழுதி விதைப்பு எங்கள் ஊர்ப் பாடம். எத்தனை கோடை உழவு ஓட்டினீர்கள், விதையை எவ்வளவு ஆழத்தில் மூடினீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. பறவையும் எறும்பும் எடுத்துப் போகாமல் இருக்க நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்டார். முதல் மழை அரைகுறையாகப் பெய்து, முளைத்தது கருகினால் மறுவிதைப்புக்கு எவ்வளவு விதை ஒதுக்கி வைப்பது என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. நாங்கள் கம்புக்கு ஒதுக்குகிற கணக்கு நெல்லுக்குக் கட்டுப்படியாகாது என்று குச்சியால் மண்ணில் போட்டுக் காட்டினார். வேதாரண்யம் பஸ் வந்தது. அதை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு இருப்போம் என்று உட்கார்ந்து, மீதிக் கணக்கையும் போட்டோம்.